கசற்றில் மாமியின் இடம்

சவூதியிலிருந்து என் புருசன் கதைத்துப் பதிந்து அனுப்பும் கசற் நாடாவுக்குப் பதில் கதைக்க எங்கள் வீட்டில் ஒரு வரிசை இருந்தது. முதலில் அவருடைய உம்மா, அதாவது என் மாமி. பிறகு அவருடைய தங்கச்சி. பிறகு என் இரண்டு பிள்ளைகள். கடைசியில் நான். கசற் பதியும் ரேடியோ என் வீட்டில், தேத்தண்ணீர் ஊற்றுவதும் நான், ஆனால் வாய் திறப்பது கடைசியில்தான். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே கதைக்கவும் கூடாது. அத்தனை பேர் சுற்றியிருக்க, பொஞ்சாதி புருசனிடம் என்னத்தைக் கதைப்பது? "சுகமா இருக்கிறம், நீங்க சுகமா?" அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு கசற்றில் அவர் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டிருந்தார். "ரெண்டு வருசம் முடியப் போகுது. நான் வரவா, இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் வெக்கவா?"

பதில் பதியும் அன்று அடுத்த தெருவிலிருந்து மாமி வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். "மகன், தங்கச்சிட வீடு கூரையில்லாமக் கிடக்கு. இன்னும் ரெண்டு வருசம் நில்லுங்க." தங்கச்சியும் அண்ணனிடம், "ஓம் காக்கா, உம்மா சொல்றதுதான் சரி" என்றாள். பிள்ளைகள் விளையாட்டுக் கார் கேட்டார்கள். என் முறை வந்தபோது நாடா முடிந்து, ரேடியோவில் அமத்தியிருந்த கட்டை டக்கென்று மேலே எழும்பிற்று. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நாசமாய்ப் போன கசற். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலையில் அதைச் சவூதிக்குக் கொண்டுபோக ஆள் வரும். பின்னேரம் முழுக்க அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இரண்டு பக்கத்திலும் வெற்றிடமில்லை. கடைசியில் தொடக்கத்துக்கே சுற்றி வைத்துக் கதைத்தேன். "உடனே வாங்க. இனி ஒரு நாளும் அங்க நிக்க வேணாம். மத்தவங்க சொல்றத நம்பாதீங்க." ஒரு வசனத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன், வாய் நிற்கவில்லை. மாமி கதைத்தது முழுக்க அழிந்தது. தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை.

அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் ஓடினேன். "மகன்ட கசற் வந்திச்சா?" என்று மாமி கேட்கும்போதெல்லாம் தேத்தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குள் போய்விடுவேன்.

கசற் போய் மூன்றாம் கிழமை ஒரு காலை, மாமியின் வாசலில் வேன் நிற்பதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவர் உம்மாவைக் கட்டிப் பிடித்துத் தேம்பிக்கொண்டிருந்தார். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் என்னிடம் சொன்னார். "கசற்றப் போட்டா உம்மாட சத்தமில்ல. முதல்ல உன்ட சத்தம், உடனே வாங்க எண்டு. உம்மா உசிரோட இல்ல, மவுத்தாகிட்டா, மறைக்கிறீங்க எண்டு நினைச்சன்."

"மிச்சத்தக் கேக்கல்லயா?"

"ஆரு கேட்ட மிச்சத்த?"

"சரி, வந்திட்டீங்கதானே. இனிப் போக வேணாம்."

அவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார். "லீவு தரமாட்டன் எண்டான் முதலாளி. ரெண்டு வருசத்துக்குச் சைன் வெச்சுக் குடுத்துப்போட்டுத்தான் வந்த, புள்ள. பதினஞ்சு நாள்தான்."