சகோதரர் புலம்பல்

எங்கள் தீவுப் பகுதியில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பது வழக்கம். பெயரைக் கேட்டுக் கல்லைத் தேட வேண்டாம். அச்சில் வரும் மெல்லிய புத்தகம்தான். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வம்சாவழி, நற்குணங்கள், அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஒவ்வொருவரும் செய்யுளில் தனித்தனியாக அழுவார்கள். உண்மையில் இத்தனை பேருக்காகவும் அழுபவர் ஒரே ஆள்தான். எழுபதுகளில் வேலணையில் எங்கள் பகுதிக்கு அந்த ஆள் நான்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பித்தேன். ஒழுங்கான மனிதன் என்று பெயர். பின்னேரங்களில் முன்பின் கண்டிராத ஆட்களின் மனைவிமாராக மாறிவிடுவேன். பொட்டிழந்தேன், பூவிழந்தேன் என்று நான் எழுதியதை வாசித்துப் புங்குடுதீவில் ஒரு பெண் மயங்கி விழுந்தாவாம். அதை எழுதும்போது நான் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, குழம்பு காணாது என்று குசினிப் பக்கம் குரலும் கொடுத்தேன். என் மனைவிக்கு இது பெரிய பகிடி. ஊரிலுள்ள ஆம்பிளையள் எல்லாருக்கும் இந்த மனிசன்தான் தாலி அறுத்தவர் என்று அயலட்டைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பா.

என்னுடைய எழுத்திலேயே ஆகச் சிறந்தது என்று எல்லாரும் சொல்வது ஒரு தந்தைக்கு எழுதிய மக்கள் புலம்பல். எழுத்தெழுத்தாக வேதனை வடிகிறது என்றார் ஒரு பண்டிதர். வடிந்தது உண்மைதான். அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கடைவாய்ப்பல் கொதி, உயிர்போகிற வலி. பண்டிதரிடம் அதைச் சொல்லவில்லை. கவிஞனுடைய மனம் எப்படி உருகுகிறது என்று அவர் விளக்கிக்கொண்டே போனார்; நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உணர்ச்சி என்பது எழுதுகிறவனுக்கு வேண்டிய சாமான் அல்ல, வாசிக்கிறவனுக்குத்தான் வேண்டும் என்று அப்போது உறுதியாக நம்பியிருந்தேன்.

அப்படியிருக்கையில் ஒரு மார்கழியில் என் அண்ணை செத்துப்போனார். எனக்கிருந்த ஒரே உடன்பிறப்பு. பக்கத்து வளவிலேயே இருந்தவர். நாங்கள் ஏழு வருஷமாகக் கதைப்பதில்லை.

காரணம் வேலி. ஐயாவின் காணியைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் கதியால் என்கிற வேலிக்கம்புகளை நட்டுப் பனையோலை வேலி அடைத்திருந்தோம். அண்ணை தெற்கே கடை வைத்திருந்த காலம் அது. அவர் ஊரில் இல்லாத ஒரு மாசியில் வேலி பிரித்து அடைக்கும்போது, உக்கிய கதியால்களை மாற்றுகிற சாட்டில், புதியவற்றை ஒரு முழம் அவர் பக்கம் தள்ளி நட்டுவிட்டேன். அந்த ஒரு முழத்துக்குள் நன்றாய்க் காய்க்கும் முருங்கை ஒன்று நின்றது. ஆசை நிலத்தில் இல்லை, முருங்கையில்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடையை விற்றுவிட்டு வந்த அண்ணை முதல் நாளே பார்த்துக் கேட்டார். வேலி நின்ற இடத்தில்தான் நிற்கிறது என்றேன். பிள்ளையார் கோயிலடியில் வைத்துச் சத்தியமும் பண்ணினேன். அதற்குப் பிறகு ஒழுங்கையில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் அண்ணி கூப்பிட்டு அனுப்பினா. கல்வெட்டு முழுவதையும் நான்தான் எழுத வேண்டுமாம். அதோடு, என் முகத்தைப் பாராமல் ஒன்று சொன்னா.

"சகோதரர் புலம்பலும் வேணும் தம்பி. அது இல்லாட்டி ஊர் என்னையெல்லே கேக்கும்."

மற்றவற்றை இரண்டு பின்னேரத்தில் முடித்தேன். அண்ணியின் புலம்பல் பதினாறு பாட்டு, தண்ணீர் மாதிரி ஓடியது. பிள்ளைகளும் மருமக்களும் தாராளமாகவே அழுதார்கள். சகோதரர் புலம்பலுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. இதே தலைப்பில் பலருக்குப் பாடியவன் நான். வலக்கை போனது, நிழல்தந்த மரம் சாய்ந்தது, தோளில் சுமந்த தமையனே என்று கைவசம் எல்லாம் இருந்தன. அவற்றை அண்ணைக்கு எழுதினால் வாசிக்கிற பந்தலே சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்தேன் என்று சொன்னாலும் பொய். நாலு வரி எழுதிப் பார்ப்பேன், ஒழுங்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அவருடைய பிடரி தெரியும், கிழித்துப்போடுவேன்.

மனைவி கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தா. ஊருக்கெல்லாம் பல்லுக்கொதியில் எழுதினீங்களே, இதற்கும் ஒரு கொதியைத் தேடுங்கோ என்றா. பகிடியாகத்தான் சொன்னா. ஆனால் எங்கே கொதிக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதைத் தொடாமல் எழுதப் பார்த்ததுதான் சிக்கல். அன்றைக்கே எழுதினேன். பதினாறு பாட்டு வரவில்லை. ஒன்றுதான் வந்தது.

எல்லைக் கதியாலை உன்பக்கம் நான்நட்டு
இல்லையென்று சாதித்தேன் ஏழாண்டு – சொல்லவென
வாய்திறந்து வந்தேன் வழக்காட நீயில்லை
போய்விட்டாய் அண்ணா பொறு.

கொப்பியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். கடலுக்கு நடுவே போகும் தாம்போதியைக் கடக்கும்போது இரண்டு தரம் அந்தத் தாளை வெளியே எடுத்தேன். கடலில் விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர் என் புலம்பல்களைக் கோர்த்தே கிழவரானவர். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மாஸ்டர், இதை அச்சிலை போடவோ?"

ஓம் என்றேன். இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் பந்தலில், கோயிலில் புராணம் படிக்கிறவர் கல்வெட்டை ராகம் போட்டு வாசித்தார். அண்ணி புலம்பலுக்குப் பெண்கள் பக்கம் ஒரே அழுகை. மருமக்கள் புலம்பலுக்கு, அண்ணையைக் கண்டாலே பிடிக்காத மூத்த மருமகன்கூட மூக்கைச் சிந்தினான். சகோதரர் புலம்பல் வந்தது. புராணகாரர் ராகத்தை எடுக்க முன்னமே பாட்டு முடிந்துவிட்டது. ஒருவரும் அழவில்லை. யாரோ செருமினார்கள். பிறகு சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள்.

ஊர் தீர்ப்புச் சொல்ல நாளெடுக்கவில்லை. பிறத்தியாருக்கெல்லாம் பக்கம் பக்கமாய் அழுகிறவன் கூடப்பிறந்தவனுக்கு நாலு வரியோடு நிறுத்திவிட்டான், அதிலும் வேலிக் கதை என்றார்கள். ஒரு நிலவு இல்லை, ஒரு மரம் சாயவில்லை என்று பண்டிதருக்குக் கவலை. தமையனில் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லையாக்கும் என்று எனக்கு வேண்டியவர்களே பேசிக்கொண்டார்கள். அடுத்த கிழமையே, தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர் அல்லைப்பிட்டிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார். விவரமெல்லாம் தந்துவிட்டுப் படலையடியில் தயங்கி நின்றார். உங்கட அண்ணைக்கு எழுதினது மாதிரி வேண்டாம், மனசிலை பட்டு எழுதித் தாருங்கோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்து உருண்டது. மனைவி சிரிப்பை அடக்கிய சத்தம் என்று தெரிந்தது. நானும் அவருக்கு மனசில் பட்டே இருபது பாட்டு எழுதினேன். வாசித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாசி பிறந்தது. வேலி அடைக்கிற காலம். ஒரு காலை அண்ணி கல்வெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு வேலியடிக்கு வந்தா. சகோதரர் புலம்பல் இருந்த பக்கத்தை விரித்து, ஓலைக்கு மேலால் என் முகத்துக்கு நேரே நீட்டினா.

"இதிலை எழுதியிருக்கிறது மெய்யோ, இல்லாட்டிப் பாட்டுக்குச் சொன்னனீரோ?"

இத்தனை வருஷமாய் எத்தனையோ பேருக்காகத் தீக்குளிப்பேன், உயிரை விடுவேன் என்று அச்சில் போட்டிருக்கிறேன். ஒருவரும் அதைக் கொண்டுவந்து காட்டிக் கணக்குக் கேட்டதில்லை. மெய்தான் அண்ணி என்றேன். அப்படியென்றால் கதியாலைப் பழைய இடத்தில் எடுத்து நட்டுவிடும் என்றா.

அலவாங்கை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். முருங்கை அந்தப் பக்கம் போகத் தொடங்கியது. அண்ணி கல்வெட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா.

"அவர் உம்மை ஒரு நாளும் கள்ளன் எண்டு சொன்னதில்லை, தம்பி. என்ர தம்பி கோயிலடியிலை பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான், நான்தான் பிழையாய் அளந்து போட்டன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர். உம்மட முகத்தைப் பாக்க அவருக்கு வெக்கமாய் இருந்தது."

அலவாங்கை நிமிர்த்தி அடுத்த கதியாலுக்குக் குழி தோண்டப் போனேன். கண்ணீர் மறைத்து இடம் தெரியவில்லை. அண்ணிதான் நிலத்தைக் காலால் தட்டி, இஞ்ச, இஞ்ச என்று இடம் காட்டினா.