பனிக்கு வைத்த அட்டை

புறங்கையால் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறாள் ரேடியேட்டர் அக்கா. எதைத் தொட்டாலும் புறங்கைதான். உள்ளங்கை வெந்துபோனால் ஒரு வாரம் ஸ்பேனர் பிடிக்க முடியாதே. எஞ்சின் கொதியாய்க் கொதிக்கிறது, ஹோஸிலோ வெதுவெதுப்புகூட இல்லை. பழைய காரின் சொந்தக்காரர், முன்னாள் தபால்காரர், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிய கதையை முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.

"முள்ளு கிடக்குது சார். நீங்க செத்த உக்காருங்க. தெர்மோஸ்டாட் தொறக்கல. வெந்நீர் ரேடியேட்டருக்கு வந்தே சேரல. கதவையும் சாத்திக்கிட்டு, விருந்தாளி இன்னும் வரலியேன்னா எப்படி?"

அவள் அவ்வளவு லேசில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட மாட்டாள். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவசரப்பட்டு யாராவது கிட்டே போனால், "மூஞ்சி அவிஞ்சாத்தான் திருப்தியா?" என்பாள். ஆறியபிறகு ஆயில் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடிப்பாள். பால் விட்ட காப்பிபோல வெளுத்திருந்தால் தண்ணீர் எஞ்சின் ஆயிலுக்குள் போய்விட்டது, பெரிய செலவு என்று அர்த்தம். அப்போது மட்டும் அவள் குரல் தாழும். மற்றபடி எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "நிக்கிறப்ப கொதிக்குதா, ஏத்தத்துலயா? நிக்கிறப்பன்னா ஃபேனு, பெல்ட்டு. ஏத்தத்துலன்னா ரேடியேட்டரு மூச்சு விடல."

இத்தனையும் தெரிந்தவளின் சொந்த வண்டி ஏற்றத்தில் கொதிக்கிறது. ஷெட்டின் மூலையில் நிற்கும் அது உருண்டைக் கண் விளக்கும் அவளைவிடப் பெரிய வயதுமாய், ஊருக்குள் சாதுவாக ஓடும். மலைப்பாதையில் மூன்றாவது வளைவைக் கண்டால் போதும், விசிலடிக்கும். பெல்ட்டை மாற்றினாள், பம்ப்பை மாற்றினாள், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாள்.

"ஏன்க்கா, வண்டிய ஒரு நல்ல மெக்கானிக்குகிட்ட காட்டலாம்ல?" என்றார் பக்கத்து டயர்கடைக்காரர்.

"போயி பஞ்சர் ஒட்டுங்க, போங்க."

அவளுக்குக் காரணம் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். முன்பக்கக் கம்பிகளுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஓர் அட்டை செருகியிருக்கிறது. கடும் பனிக்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று காற்றை மறைத்து வைப்பது. பனி போனதும் எடுத்துவிட வேண்டும். வைத்தவன் அவள் கணவன். கப்பலில் எஞ்சின் வேலைக்குக் கிளம்பிய காலையில், புதுச் செருப்பு வந்த பெட்டியை வெட்டி, எண்ணெய்க் கையோடு செருகினான். "பனி முடியுறதுக்குள்ள வந்துருவேன். நானே எடுக்கிறேன், நீ கை வைக்காத" என்றான்.

மூன்று பனி முடிந்துவிட்டது. முதல் வருஷம் மாதம் ஒரு போன் வந்தது. பிறகு, ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டான் என்ற சேதியோடு எல்லாம் நின்றது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிய அன்றைக்கும் அட்டையை ஓரமாய் வைத்து, இருந்தபடியே திரும்பச் செருகினாள். அசட்டுத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்கு அது அவன் பாதியில் விட்டுப்போன வேலை. அவனே வந்து முடிக்க வேண்டியது.

விஷயம் தெரிந்த இன்னொருத்தி நாத்தனார். அவனுக்கு மூத்தவள், இப்போது இவளோடுதான் இருக்கிறாள். ஒரு கண் போய்விட்டது. மற்றதற்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய வேண்டும். போன தடவை வண்டி கொதித்து, தேதி தவறிப்போனது. இன்று இரண்டாவது தேதி. விடிந்ததும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னிக்கும் அந்த வளைவுல உக்காந்து காத்து வாங்கணுமா?"

"ரெண்டு கேன் தண்ணி வெச்சிருக்கேன் அண்ணி."

"அத நீயே குடி. இந்தத் தேதியும் தவறுனா இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டாங்க."

"அவரு வந்து எடுக்கிறேன்னு சொன்னாரு."

"வரட்டுமே, யாரு வேணாங்கிறா? வர்றப்ப என் தம்பி மூஞ்சிய நான் பாக்க வேணாமா? கொரல மட்டும் கேட்டுக்கிட்டு, இளைச்சிருக்கானா, நரைச்சிருக்கானான்னு உன்னக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

ரேடியேட்டர் அக்கா வண்டிக்கு முன்னால் போனாள். பானட்டைத் தூக்கினாள். இரண்டு விரலால் அட்டையைப் பிடித்து மெதுவாக உருவினாள். இத்தனை நாள் இருந்ததே, நைந்து கிழிந்துவிடும் என்று பயந்தாள், முழுசாகவே வந்தது. ஒரு பக்கம் முழுக்க ரேடியேட்டரின் மெல்லிய வரிகள் பதிந்திருந்தன. திருப்பினாள். அந்தப் பக்கத்தில் கறுத்த எண்ணெயாய் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும்.

கிழிசல் துணியால் தூசியை ஒற்றினாள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. சுவரில் சாவிகள் தொங்கும் ஆணிகளுக்குக் கீழே அட்டையைச் சாய்த்து வைத்தாள். வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்தது. "வர்றேன் அண்ணி" என்றாள். அப்புறமும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, அந்த விரல் தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.