வெள்ளையில் வெள்ளை எழுத்து

2014 வாக்கில் நான் நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தபடி சின்னச் சின்ன மென்பொருள் வேலைகள் செய்துகொண்டிருந்தேன். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் செய்வதெல்லாம் ஒரு வேலைதானா என்ற சந்தேகம் அவருக்குத் தீரவே இல்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வந்தவரின் எண்ணை அடித்து, முடிவுகளை நிரப்பி, சாயங்காலம் ரிப்போர்ட்டுகளை மொத்தமாக அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அங்கே டெக்னீசியனாக இருந்தவள் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் போன் செய்தாள்.

"எல்லாம் சாம்பல் கலராவே இருக்குதுங்க மேடம். பாத்துகினே இருந்தா தூக்கம் வருது. கொஞ்சம் அழகா பண்ணிக் குடுங்களேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. திரையில் தெரியும் பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாவற்றின் தோற்றத்தையும் ஒரே ஸ்டைல் ஷீட்டில் எழுதி மாற்றிவிடலாம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். திரைகளின் பின்னணி கருநீலம். பொத்தான்கள் ஆரஞ்சு, முனைகள் வளைந்தவை. எழுத்தின் நிறத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லச் சோம்பல்பட்டு, எதுவாக இருந்தாலும் எழுத்து வெள்ளை என்று மேலே ஒரே வரி எழுதிவிட்டேன். எத்தனை சுருக்கமாக முடித்துவிட்டேன் என்று அந்த வரியைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"டிவி மாதிரி இருக்குதுங்க" என்றாள் அவள். நான் இரண்டு நாள் அந்தச் சொல்லிலேயே மிதந்தேன்.

நாலு மாதம் கழித்து, அங்கே புது பிரிண்டர் வாங்கியிருந்தார்கள். அதை இணைத்துக் கொடுக்கப் போனேன். வேலை முடிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கருநீலத்தையும் ஆரஞ்சையும் ரசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு எண்ணை அடித்தாள். திரை நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு எழுத்து இல்லை. அடியில் மட்டும் ஓகே, கேன்சல் என்று இரண்டு அழகான ஆரஞ்சுப் பொத்தான்கள். அவள் பார்க்கக்கூட இல்லை, என்டரைத் தட்டினாள்.

"இது என்ன?"

"இதுவாங்க? நீங்க கலர் மாத்துனதுலேர்ந்து அப்பப்ப வந்துகினு இருக்குது. சும்மா வெறும் பொட்டிதான். ஓகே அடிச்சா போயிடும்."

அதே எண்ணை மறுபடியும் அடிக்கச் சொன்னேன். பெட்டி வந்தது. கன்ட்ரோல்-சி அழுத்தி, அதிலிருப்பதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். நான் இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய வாக்கியம் கறுப்பு எழுத்தில் வந்து விழுந்தது.

'இந்த எண்ணுக்கு முடிவு ஏற்கெனவே பதிவாகியுள்ளது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதவா?'

அந்தப் பெட்டிக்கு மட்டும் பின்னணி நிறம் கொடுக்க மறந்திருந்தேன். அது தன் பழைய வெள்ளையிலேயே நின்றுவிட்டது. என் ஒற்றை வரியோ அதன் எழுத்தையும் வெள்ளையாக்கியிருந்தது. அவள் 71ஐ 17 என்று தவறி அடித்தால், நில் என்று தடுக்க வேண்டிய பெட்டி அது. நாலு மாதமாக அது வாயைத் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

"மேடம், இது இவ்ளோ நாளா உள்ளயே இருந்துச்சா?" என்றாள்.

நிலையத்தின் உரிமையாளரான டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் சத்தம் போடவில்லை. "டெஸ்ட் பண்ணிப் பாக்கலியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்திருந்தேன். ஒரு எண்கூடத் தப்பாக அடிக்காமல் பார்த்திருந்தேன்.

நல்லவேளையாக, மெஷின் காட்டும் அளவுகளை அவள் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மூன்று பேரும் சாயங்காலம்வரை நோட்டையும் திரையையும் ஒப்பிட்டோம். ஆறு பேருக்கு வேறு ஒருவருடைய முடிவு போயிருந்தது. ஐந்து பேரைப் போனில் பிடித்து மறுபடி வரச் சொல்லிவிட்டோம். ஆறாவது, வடலூர் தாண்டி ஒரு கிராமத்துப் பெண். ஐந்து மாதக் கர்ப்பிணி. நோட்டில் அவளுடைய ஹீமோகுளோபின் ஏழு. ரிப்போர்ட்டில் பன்னிரண்டு. போன் அணைந்து கிடந்தது.

மறுநாள் காலை டெக்னீசியனும் நானும் பஸ் ஏறிப் போனோம். அந்தப் பெண் வாசலில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ரிப்போர்ட்டில் தப்பு நடந்துவிட்டது, உங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவள் பயந்து போவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகம் தெளிந்தது. திரும்பி, கதவோரம் நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"தல சுத்துது சுத்துதுன்னு நான் சொல்லிகினே இருந்தேன் இல்ல? ரிப்போட்டுல ஒண்ணும் இல்ல, வேல செய்ய வலிக்குது இவளுக்குன்னு ஊரு பூரா சொன்னீங்களே."

கூடவே என்னிடம், "ரெண்டு தபா வுழுந்துட்டேங்க. வூட்ல ஒருத்தரும் நம்பல" என்றாள்.

எண் மாறினால் மருந்து மாறும் என்றுதான் நான் இரவெல்லாம் நடுங்கியிருந்தேன். அவள் பொய்க்காரியாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமியார் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். "உக்காரு" என்றார். நெல்லை அவரே கிளறத் தொடங்கினார். மதியத்துக்குள் அவளைக் கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றி, ஒரு வாரத்தில் அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் டெக்னீசியன் ஜன்னலைப் பார்த்தபடி அழுதாள்.

"நாலு மாசமா நாந்தான மேடம் ஓகே அடிச்சிகினு இருந்தேன். என்னா பொட்டி இதுன்னு ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா போதும். எம்மேலதான் தப்பு."

அதைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ லேசானது. இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நிலையத்துக்குப் போகும்வரை சொல்லவில்லை.