லென்ஸுக்குப் பன்னீர்

ஆறாம் வகுப்பிலிருந்து நான் கண்ணாடி போடுகிறேன். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். சிதம்பரத்திலிருந்து பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று 2007 வாக்கில் எங்கள் வீட்டில் முடிவானது. அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் "பொண்ணு கண்ணாடியாமே" என்று கழன்றுகொண்டிருந்தன. அதனால் தரகரிடம் கொடுத்த போட்டோவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். போட்டோவுக்கு ஏற்ற மாதிரி ஆளையும் மாற்ற வேண்டுமல்லவா? அப்படித்தான் காண்டாக்ட் லென்ஸ் வந்தது.

கடைப்பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. டப்பாவில் லென்ஸ் ஊறும் சொல்யூஷனைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கண் சிவந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். கூட வந்திருந்த அம்மாவுக்கு இதில் எதுவும் புதிதாகப் படவில்லை. கை கழுவாமல் தொடாதே, பழசைக் கொட்டு, கண்டவர் கை படாமல் வை என்பதெல்லாம் பூஜை அலமாரிக்கு அவள் எப்போதோ போட்டுவைத்த சட்டங்கள். லென்ஸ் டப்பா அன்றைக்கே முருகன் படத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. இத்தனை வருஷமாக என் கண்ணாடிக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. அதன் மேல் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம்.

பழகிய பிறகு லென்ஸ் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கெடிலம் பாலத்தில் பஸ் போகும்போது முகத்தில் நேராகக் காற்று பட்டது. மூக்கில் பாரமில்லை. இதற்காகவாவது பெண் பார்க்க வரட்டும் என்று நினைத்தேன்.

அந்த நாளும் வந்தது. உதவிக்குக் கீரப்பாளையத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அலங்காரம் முடிந்து, கடைசியாக லென்ஸை எடுத்தேன். வீடு முழுக்கப் பன்னீர் வாசனை. டப்பாவிலும் அடித்தது, நான் சந்தேகப்படவில்லை. முதல் கண்ணில் எரிந்தபோது மை பட்டிருக்கும் என்று அடுத்ததையும் போட்டுவிட்டேன். அதிலும் எரிந்ததும் கத்தினேன்.

அத்தை பெருமையாகச் சொன்னாள். "தெனமும் மாத்தணும்னு அண்ணி சொன்னாங்க. அந்த பாட்டில்ல ஒரே மருந்து வாடை. அதான் பழசக் கொட்டிட்டுப் பன்னீர் ஊத்தி வச்சேன். கண்ணுக்குக் குளிர்ச்சிடி. சூடு ஜாஸ்தியா இருந்தா கரிக்கத்தான் செய்யும்."

கழற்றப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "வாசல்ல கார் வந்துடுச்சு. கழட்டினா கண்ணாடிதான் போடணும். கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிக்க, பாத்துட்டுப் போயிடுவாங்க."

காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நீர் வழிந்தது. பார்வை போய்விடுமோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "என்னாங்க, பொண்ணுக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கா?"

என் அம்மாவின் மூளை வேலை செய்த வேகத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். மெட்ராஸ் ஐ ஒரு வாரத்தில் போய்விடும், கண்ணாடி ஆயுசுக்கும் போகாது. "ஆமாங்க," என்றாள் சிரித்த முகமாக. "நேத்திலேர்ந்துதான்."

மெட்ராஸ் ஐ வந்தவர் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொதுவான விஞ்ஞானம். மாப்பிள்ளையின் மாமா சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, அணைத்து வைத்திருந்த டிவியின் பக்கம் திரும்பி, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று அதைக் கேட்டாள். மாப்பிள்ளை தலை குனிந்து மொசைக் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். பெண் பார்க்கும் படலம் என்னைப் பார்க்காமலே நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

"என்னா மாப்ள, பிடிச்சிருக்கா?" என்றார் மாமா.

"பிடிச்சிருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை, தரையிடம்.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணெரிச்சல் ஒன்றுமேயில்லை. ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்காதவருக்குப் பிடிப்பதற்காகவா கண்ணை அவித்துக்கொண்டு நிற்கிறேன்? தட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கையைக் கழுவித் துடைத்து, லென்ஸ் இரண்டையும் கழற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கே திரும்பி வந்தேன்.

"இது மெட்ராஸ் ஐ இல்லிங்க. லென்ஸ் ஒத்துக்கல. நான் சின்ன வயசிலேர்ந்து கண்ணாடி போடுறவ. ஒண்ணும் ஒட்டிக்காது, தைரியமா பாருங்க."

அம்மா தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மெதுவாக நிமிர்ந்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். உடனே, தனக்கு இப்போது என்ன பிடித்திருக்க வேண்டும் என்று கேட்பது போல் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அதற்குள் நான் அவரை நன்றாகவே பார்த்து முடித்திருந்தேன்.

"எனக்குப் பிடிக்கலம்மா," என்றேன்.