இடது கை தூக்கிய வகுப்பு

ரெஜினா டீச்சரின் வேலையைப் பறித்தவன் நான். ஊரே பள்ளி மேனேஜரைத் திட்டிற்று. நானும் சேர்ந்து திட்டினேன்... அந்த வெட்கக்கேட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்காநல்லூரில் மில்லை ஒட்டிய ஆரம்பப் பள்ளி அது. நான்காம் வகுப்பு எனக்கு, மூன்றாம் வகுப்பு ரெஜினாவுக்கு. கண் தெரியாத தாயாரை அவர் ஒருவர் சம்பளத்தில் காப்பாற்றி வந்தார். எனக்கோ காலேஜில் இரண்டு வருஷம் படித்த மிதப்பு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிரேக்க ஞானிகளைப் பற்றி அளந்துகொண்டே இருப்பேன். அவர்களில் ஒருவர் கடைத்தெருவில் நின்று, கேள்வி கேட்டே மனிதரைச் சிந்திக்க வைத்தாராம். தனக்குத் தெரியாது என்று உணர்ந்தவனுக்கே படிப்பு தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

"அப்ப நாம பண்றது பாவமில்லீங்களா சார்?" என்றார் ரெஜினா ஒரு நாள்.

நாங்கள் பண்ணியது இதுதான். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கையாகப் பார்த்து வாத்தியார் எழுப்பிவிடுவார். வகுப்பு முழுதும் கெட்டிக்காரர்கள் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போவார்.

"இந்த வருஷம் அது வேண்டாம்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்! தெரியாத பிள்ளை தெரியாது என்றே சொல்லட்டும் என்றேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தப் பேச்சு நம் பள்ளிக்கூடத்துக்குத்தான் வேண்டும் என்று நீட்டி முழக்கினேன். அவர் நம்பினார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். ரிப்போர்ட் கெட்டால் ஓர் ஆசிரியரை நீக்கவேண்டி வரும் என்றார். அது நானாக இருந்துவிட்டால் என்ற பயம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இடது கை, வலது கை பழக்கினேன். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் தட்டிதான். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஏன் தாழ்த்தினேன்? பெரிய பேச்சுப் பேசினவன் சிறுத்துப்போவதை அவர் பார்க்கக் கூடாதென்ற வீம்பு... வேறென்ன?

மறுநாள் மூன்றாம் வகுப்பில் ஏழெட்டுக் கைகளே எழுந்தன. ஒரு சிறுமி, "தெரியலீங்க, சொல்லிக் குடுத்தா கத்துக்குவனுங்க" என்றாள். ரெஜினாவின் முகத்தில் எத்தனை பெருமை! அடுத்து என் வகுப்பு. ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. தட்டியோரம் நின்ற ரெஜினா, அதில் பாதி இடது கை என்பதைக் கண்டுகொண்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"இது யார் சொல்லிக் கொடுத்த புத்தி?" என்று மேனேஜர் பிறகு அவரைக் கேட்டார். நானும் அங்கே நின்றேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை போனது. பெட்டியும் தாயாருமாக ஈரோட்டுக்குப் பஸ் ஏற நின்றவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"பயந்தது தப்பில்லீங்க சார். எனக்கும் பயம்தானுங்க. முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானும் புள்ளைங்களப் பழக்கிப்போட்டு வேலையில இருந்திருப்பனுங்க" என்றார்.

தாயாரின் கையைப் பிடித்து அவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், தானும் ஏறினார்.

அந்த இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டைக் காட்டி என்னைத் தலைமையாசிரியன் ஆக்கினார்கள். நீங்கள் கேட்குமுன் நானே சொல்கிறேன்... நான் மறுக்கவில்லை.