சக்கரைன்னு சொல்லாதீக, காலைக் காட்டுங்க!

போன வருடம் தீபாவளி சீசன் முடிந்த கையோடு, விருதுநகரில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்று கொடுக்கும் முகாமுக்குப் போயிருந்தேன். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருந்ததால், செருப்பு கடித்த புண் புரையோடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வாசலில் கொடுத்த சக்கர நாற்காலியில் என்னை வைத்துக் கணவர் தள்ளிக்கொண்டு போனார். வெட்கத்தில் சேலையை இழுத்துக் காலை மூடியிருந்தேன். மேஜையில் இருந்தவர் நிமிராமலே, "என்னம்மா குறை?" என்றார்.

"சக்கரைங்க சார்."

"சக்கரைக்கெல்லாம் இங்க சான்று கிடையாதும்மா" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அது உண்மை என்று நினைத்துத் திரும்பினோம். வரிசையின் முன்னால் ஊன்றுகோலோடு நின்றிருந்த ஒரு முஸ்லிம் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீக?" என்று கேட்டார். சொன்னேன். சேலைக்குக் கீழே ஒற்றைக் கால் மட்டும் தெரிவதைக் கவனித்தவர் பதறிவிட்டார்.

"அடி ஆத்தி! சக்கரைன்னு ஏன் சொன்னீக? காலைக் காட்டுங்க! வாங்க என்கூட!"

தன் முறை வரப்போகிற நேரம். அதை விட்டுவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். நேரே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அந்த டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார். "கால் விபத்துல போச்சா, சக்கரையில போச்சான்னு பிரிச்சுப் பாக்கிறதில்லம்மா. உங்களுக்குச் சான்று உண்டு" என்றார்.

"கெடைக்குமா டாக்டர்?" என்று என் கணவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த அக்கா வெற்றி பெற்றவர் மாதிரி ஊன்றுகோலை உயர்த்திக் காட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அடையாள அட்டை வந்தது, மாத உதவித்தொகை வந்தது. செயற்கைக் காலும் வந்தது! அதை மாட்டிப் பழகியதும் இருக்கன்குடிக்குப் போய், பஸ்ஸிலிருந்து கோயில்வரை நடந்தே போனேன். முகாமில் வாங்கி வைத்திருந்த நம்பரில், அங்கிருந்தே அந்த அக்காவுக்கு போன் போட்டேன்.

"என்னம்மா, ஒரே மேளச் சத்தமா கேக்குது? எங்கன இருக்கீக?"

"இருக்கன்குடியிலக்கா! நடந்து வந்திருக்கேன்!"

"நெசமாவா! இன்னொருக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

இப்போதெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துக் கட்டோடு இருக்கும் யாரைப் பார்த்தாலும், சான்று உண்டு என்று நானே போய்ப் பேச்சுக் கொடுக்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காகத் தன் இடத்தை விட்டு வந்ததை வேறு எப்படி நான் கொண்டாடுவது?