சரி அண்ணன்

அந்தப் பட்டறையில் அவருக்குப் பெயர் சரி அண்ணன். எதைச் சொன்னாலும் ‘சரி, சரி’ என்று தலையாட்டுவார். தங்கமான மனுஷன் என்று வாடிக்கைக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். தங்கமாவது, பித்தளையாவது! பாதிப் பேச்சு காதில் விழாததால் வந்த ‘சரி’ அது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடம்கூட. வீம்புக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே கிடையாது.

பழைய கார்களில் இன்ஜினுக்குள் பெட்ரோலை விசிறும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவர் பிழைப்பு. ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் டிக் டிக்கென்று கேட்க வேண்டும். சத்தம் மங்கினால் அதில்தான் கோளாறு. அவருக்கு எல்லாமே மங்கிப்போன பிறகு, “நீ கேட்டுச் சொல்லு, உன் காது ராசியான காது” என்று மனைவியைக் கூப்பிட ஆரம்பித்தார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து குனிவாள். “மூணாவது சரியா பேசல” என்பாள். ஆசையில் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். அதிலும் பொய்யில்லை.

மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போனவள் இன்னும் திரும்பவில்லை. பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். போன் வரும். அவள் குரல் மட்டும் கேட்கும், சொல் பிடிபடாது. “சரி, சரி” என்பார். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருப்பார். பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பவளை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஒருநாள் காலையில் பழைய கார் ஒன்று குலுங்கிக்கொண்டே வந்து நின்றது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஒயராக உருவி, குலுக்கம் மாறுகிறதா என்று இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தார். எதில் கோளாறு என்று விளங்கவில்லை. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றினார். அழுக்கெடுக்கும் மருந்துத் தொட்டியில் அதிரவிட்டு, ரப்பர் வளையங்களை மாற்றி, கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் பொருத்திப் பீச்சவிட்டார். மூன்று நல்லபடியாகப் புகைபோல விசிறின. ஒன்று ஒழுகியது. அதை மறுபடி தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், வாசலில் மனைவி, கையில் காலிப் பெட்டி.

அவள் ஏதோ சொன்னாள். பழக்கதோஷத்தில், “சரி” என்றார்.

அவள் விறுவிறுவென்று கிட்டே வந்து கத்தினாள். “இதுக்கும் சரியா? என் துணியெல்லாம் எடுத்துட்டுப் போறேங்கறேன். ‘நான் வரவா, இங்கேயே இருந்துடவா’ன்னு போன்ல கேட்டதுக்கும் சரின்னீங்க. ஒரு தடவை ‘வா’ன்னு சொல்ல மாட்டீங்களான்னு எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா?”

அவர் அதிரும் தொட்டியை நிறுத்தினார்.

“எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே. போன்ல நீ பேசினது ஒண்ணுமே விழல.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணாடிக் குழாய்களின் மேல் இருந்த மூன்று இன்ஜெக்டர்களையும் தொட்டியில் கிடந்த ஒன்றையும் பார்த்தாள்.

“அதான் நாலையும் கழட்டிட்டீங்களா?”

பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் காதருகே வாயை வைத்து, போனில் கேட்டதையே இன்னொரு தரம் கேட்டாள்.

“நான் வரவா, அங்கேயே இருந்துடவா?”

நாக்கு நுனி வரை வந்த ‘சரி’யை விழுங்கினார்.

“வந்துடு” என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. அவள் காதில் விழுந்தது.